சிரிக்க வைத்தவரின் தாள்கள்: பி.ஜி. உட்ஹவுஸ் வாழ்வும் ஆவணங்களும்



ஓர் எழுத்தாளன் மறைந்தபின் அவன் மேசை இழுப்பறையில் எஞ்சும் தாள்கள் இருவகைப் பயன் தருகின்றன. எழுத்து எவ்வாறு உருவாயிற்று என்பதை அவை காட்டும். அவனைப் பற்றிய வழக்கு ஏதேனும் தீர்க்கப்படாமல் நின்றிருந்தால், அதற்குச் சாட்சியும் சொல்லும். ஆங்கில நகைச்சுவை நாவலாசிரியர் பி.ஜி. உட்ஹவுஸ் விட்டுச்சென்ற தாள்கள் இவ்விரு பணிகளையும் ஒருங்கே செய்கின்றன. அவர் மறைந்து நாற்பத்தொரு ஆண்டுகள் கழித்து, 2016 நவம்பரில், அவருடைய வளர்ப்பு மகளின் மைந்தர் எட்வர்ட் கஸலட் அத்தாள்களை இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் பொறுப்பில் ஒப்படைத்தார். நாவல்களின் வரைவுகள், குறிப்பேடுகள், கடிதங்கள் ஆகியவற்றோடு, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜெர்மானியர் அவரைச் சிறைவைத்தது தொடர்பான தாள்களும் அத்தொகுப்பில் உள்ளன. நகைச்சுவை எழுத்தாளர் ஒருவரின் ஆவணப் பெட்டியில் சிறைக்குறிப்புகள் இருப்பது வியப்பாகத் தோன்றலாம். அவர் வாழ்வின் பெருந்துயரம் அங்கேதான் இருக்கிறது.

பெயரைப் பற்றி ஒரு சொல். எழுத்துக்களைப் பார்த்து ‘வோட்ஹவுஸ்’ என்று வாசிக்கும் வழக்கம் நம்மவரிடையே நீண்டகாலமாக உண்டு. ‘உட்ஹவுஸ்’ என்பதே அவர் குடும்பத்தார் கொண்ட உச்சரிப்பு.

பெல்ஹம் கிரென்வில் உட்ஹவுஸ் 1881 அக்டோபர் 15இல் இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்ட் நகரில் பிறந்தார். தந்தை ஹாங்காங்கில் நீதிபதி. அக்கால வழக்கப்படி குழந்தைகள் தாய்நாட்டில் வளர்ப்பவர் கையிலும் பின்னர் விடுதிப் பள்ளிகளிலும் விடப்பட்டனர். மூன்று வயதிலிருந்து பதினைந்து வயதுவரை அவர் பெற்றோருடன் கழித்த நாட்களை எல்லாம் கூட்டினாலும் ஆறு மாதம் நிறையாது என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் கணக்கிட்டுள்ளனர். விடுமுறைதோறும் அத்தைமார், சித்திமார் வீடுகளுக்கு மாறிமாறி அனுப்பப்பட்ட சிறுவன் அவர். அவர் கதைகளில் தாய்மார் அரிது; அத்தைமாரோ அணிவகுத்து நிற்பர், அவர்களைக் கண்டு பெரிய ஆண்பிள்ளைகளும் நடுங்குவர். அப்பள்ளிப் பருவத்தில் அவருக்கு நிலையான வீடாக அமைந்தது இலண்டனின் டல்லிச் கல்லூரி. 1894 முதல் 1900 வரை பயின்ற அக்கல்விக்கூடத்தை அவர் முதுமை வரை மறக்கவில்லை. அதன் ரக்பி ஆட்ட முடிவுகளை அறியும் ஆவலும் கடைசிவரை தணியவில்லை. இன்று அக்கல்லூரி நூலகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய எழுதுமேசையும் தட்டச்சுப்பொறியும் அங்கே உள்ளன.

அண்ணன் ஆர்மைன் ஆக்ஸ்ஃபோர்டு சென்றார். தம்பியும் செல்வதாகத்தான் இருந்தது. அதைத் தடுத்தது நமது ரூபாய் என்றால் நம்புவது கடினம். ஹாங்காங் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற தந்தைக்கு ஓய்வூதியம் ரூபாய்க் கணக்கில் வந்தது. வெள்ளியின் விலை சரிந்த அந்தப் பல்லாண்டுகளில் பவுனுக்கு எதிரே ரூபாயின் மதிப்பும் சரிந்தது. இரண்டு மக்களை ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கவைக்க அந்த ஊதியம் தாங்காது என்று தந்தை முடிவு செய்தாராம். பிற்காலத்தில் உட்ஹவுஸ் இதனை வேடிக்கையாகச் சொல்லுவார். 1890களின் இறுதியில் ரூபாய் பதினாறு பென்சில் நிலைபெற்றுவிட்டது என்பதை நினைத்தால், அது ஒன்றே காரணமா என்பது ஐயத்திற்குரியது. எவ்வாறாயினும் அண்ணன் தம்பியரின் பாதைகள் அங்கே பிரிந்தன. ஆக்ஸ்ஃபோர்டில் கவிதைப் பரிசு பெற்ற ஆர்மைன் பின்னர் இந்தியா வந்து, அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையில் ஈடுபட்டார், ஜே. கிருஷ்ணமூர்த்திக்கு இளமையில் ஆசிரியராகவும் இருந்தார். தம்பி 1900இல் ஹாங்காங் ஷாங்காய் வங்கியின் இலண்டன் கிளையில் எழுத்தராக அமர்ந்தார்.

வங்கிப் பணி இரண்டாண்டு நீடித்தது. பகலில் பேரேடு, இரவில் கதை. பொன்னுக்கு வீங்கி கண்டு வீட்டில் கிடந்த மூன்று வாரத்தில் பத்தொன்பது கதைகள் எழுதியதாக அவர் கூறுவார். 1902 செப்டம்பரில் வேலையை விட்டபோது ஏறத்தாழ எண்பது படைப்புகள் இதழ்களில் ஏறியிருந்தன. அக்காலத்துக் கணக்கேடு ஒன்று இன்னும் இருக்கிறது. எழுத்தால் கிடைத்த ஒவ்வொரு தொகையையும் 1900 முதல் 1908 வரை அதில் வரிசையாகப் பதிந்திருக்கிறார். வங்கியில் கற்ற கணக்கு வேறெங்கும் உதவாவிட்டாலும் இங்கு உதவிற்று எனலாம். எழுத்தை அவர் தொடக்கத்திலிருந்தே தொழிலாகக் கொண்டவர் என்பதற்கு இந்த ஏட்டைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அதன்பின் வந்த வெற்றிகளை விரிவாகச் சொல்ல இங்கு இடமில்லை. அவற்றை அறியாதவர் இந்த அவையில் இருக்கவும் மாட்டார்கள். 1915இல் பிளாண்டிங்ஸ் மாளிகையும், அதே ஆண்டில் பணியாளர் ஜீவ்ஸும் அவர் எழுத்தில் முதன்முதலாகத் தோன்றினர். நியூயார்க் நாடக மேடையில் கய் போல்டன், இசையமைப்பாளர் ஜெரோம் கெர்ன் ஆகியோருடன் சேர்ந்து இசை நாடகங்கள் படைத்தார். 1914இல் எத்தல் என்ற கைம்பெண்ணை மணந்து, அவர் மகள் லியோனோராவைத் தம் மகளாகவே ஏற்றார். 1939 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகம் அவருக்கு இலக்கிய முனைவர் பட்டம் அளித்தது. ரூபாய் மறுத்த வாயில் முப்பத்தொன்பது ஆண்டுகளுக்குப்பின் அவ்வாறு திறந்தது.

அவர் எழுதும் முறையைக் காட்டுவதில்தான் இத்தாள்களின் முதற்பயன் இருக்கிறது. உட்ஹவுஸின் பக்கங்களைப் படிப்போருக்கு, எழுதியவர் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி சிரித்துக்கொண்டே எழுதியிருப்பார் என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. நாவலின் முதல் வாக்கியத்தை எழுதுமுன் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குக் கதைத்திட்டக் குறிப்புகள் எழுதுவது அவர் வழக்கம். குறிப்புகளில் தம்மோடு தாமே வாதிடுவார். இப்பாத்திரம் ஏன் இந்த அறைக்குள் வரவேண்டும் என்று கேட்பார். மூன்று விடைகள் எழுதி மூன்றையும் அடிப்பார். திருடுபவர் பெண்ணின் மாமாவாக இருந்தால் என்ன என்று புதிதாகத் தொடங்குவார். யார் எந்தச் சன்னலில் எப்போது ஏறுகிறார், பன்றி எவர் வசம் இருக்கிறது என்பதில் ஓர் இழை பிசகினாலும் கடைசி அத்தியாயம் சரிந்துவிடும் அல்லவா? முடிந்த பக்கங்களை அறைச்சுவரில் வரிசையாகக் குத்திவைத்து, நன்றாக அமைந்தவற்றை உயரத்திலும் மேலும் திருத்த வேண்டியவற்றைத் தாழ்வாகவும் வைத்து, எல்லாப் பக்கங்களும் மேலேறும்வரை விடாது திருத்துவார் என்றும் சொல்லப்படுகிறது. படிப்பவர்க்கு இலகுவாய்த் தோன்றும் நடைக்குப் பின்னால் இத்தனை உழைப்பு.

இனி அந்தப் பெருந்துயரம். 1930களின் நடுவிலிருந்து உட்ஹவுஸ் தம்பதியர் பிரான்சின் வடகடற்கரையில் லெ தூக்கே என்னுமிடத்தில் வாழ்ந்தனர். 1940 மே மாதம் ஜெர்மன் படை மின்னலென வந்தது. தப்ப முயன்றபோது கார் பழுதாயிற்று. அறுபது வயதுக்குட்பட்ட பிரிட்டிஷ் ஆடவர் அனைவரையும் சிறைவைக்க ஆணை பிறந்தது. ஐம்பத்தெட்டு வயதான உட்ஹவுஸ் ஜூலை 21இல் கொண்டுசெல்லப்பட்டார். லூஸ் சிறை, பெல்ஜியத்தில் லியேஜ், ஹ்யூ கோட்டை, இறுதியில் மேல் சைலீசியாவில் டோஸ்ட் என்ற ஊரில், முன்பு மனநோய் விடுதியாக இருந்த கட்டிடம். பசி, குளிர், வைக்கோற்படுக்கை. அங்கே அவர் இரண்டு வேலைகள் செய்தார். நாட்குறிப்பு எழுதினார், ‘மணி இன் தி பாங்க்’ என்ற நாவலையும் எழுதி முடித்தார். அந்நாவலில் வரும் பருத்த பிரபு ஒருவருக்கு, உடன் சிறையிருந்த ஒருவரே மாதிரி. முள்வேலியின் நிழல் அந்நூலில் ஓரிடத்திலும் விழவில்லை. இதனை மனவுறுதி என்பதா, உலகைப் பார்க்க மறுத்த பிடிவாதம் என்பதா? இரண்டுமே என்று கொள்வதில் தவறில்லை.

உடனிருந்தோரை மகிழ்விக்க, தாம் பிடிபட்ட கதையை நகைச்சுவையாக எழுதி அவர்கள் நடுவே படித்துக்காட்டினார். தம் துன்பத்தைத் தாமே கேட்டு அவர்கள் சிரித்தனர். வினை இங்கிருந்து முளைத்தது. 1941 ஜூன் 21இல், அறுபது வயது நிறைய நான்கு மாதம் இருக்கையில், அவர் விடுவிக்கப்பட்டுப் பெர்லின் கொண்டுவரப்பட்டார். ஜெர்மன் வெளியுறவுத்துறையில் இருந்த வெர்னர் பிளாக் என்பவர் ஹாலிவுட் நாட்களில் அவருக்குப் பழக்கமானவர். அமெரிக்க வாசகர் பலர் சிறைக்கு மடலும் பொட்டலமும் அனுப்பியிருந்தனர். வானொலியில் அவர்களுக்கு நன்றி சொல்லக்கூடாதா என்று கேட்கப்பட்டது. உட்ஹவுஸ் இசைந்தார். ஜூன் இறுதி தொடங்கி ஆகஸ்ட் தொடக்கம் வரை ஐந்து பேச்சுக்கள், அப்போது போரில் இறங்காதிருந்த அமெரிக்காவை நோக்கி ஒலிபரப்பாயின. பேச்சின் பொருள், சிறையில் படித்துக்காட்டிய அதே நகைச்சுவைக் கதைதான். பின்னர் கோயபல்ஸின் துறை அவற்றை இங்கிலாந்தை நோக்கியும் ஒலிபரப்பியது.

ஒரே உரை முள்வேலிக்குள் ஒலித்தபோது தோழர்க்கு ஆறுதல். பெர்லின் ஒலிவாங்கியின் முன் ஒலித்தபோது பகைவனுக்குப் பணி. சொல்லின் பொருள் சொல்லில் மட்டும் இல்லை, யார் மேடையில் நின்று யாருக்குச் சொல்கிறோம் என்பதிலும் இருக்கிறது என்ற எளிய உண்மை அந்த நுண்ணிய கலைஞருக்குப் புலப்படாமற் போயிற்று. உரைகளில் நாஜிகளைப் புகழும் வரி இல்லை. ஆனால் குண்டுவீச்சில் வீடிழந்து பிள்ளைகளைப் புதைத்துக்கொண்டிருந்த இலண்டன் மக்களுக்கு, அவர்களுடைய அன்பிற்குரிய எழுத்தாளர் பெர்லினிலிருந்து சிரித்துப் பேசியது பொறுக்கவில்லை. அந்தச் சினத்தைத் தவறென்று சொல்ல இயலாது. தகவல் அமைச்சர் டஃப் கூப்பரின் வற்புறுத்தலால், பி.பி.சி. நிர்வாகக் குழுவின் எதிர்ப்பையும் மீறி, ‘கஸாண்ட்ரா’ என்ற புனைபெயரில் எழுதிவந்த வில்லியம் கானர் 1941 ஜூலை 15 அன்று வானொலியில் உட்ஹவுஸைத் துரோகி என்று சாடினார். சில பொது நூலகங்கள் அவர் நூல்களை அடுக்கிலிருந்து அகற்றின. நாடகாசிரியர் ஷான் ஓகேஸி அவரை ஆங்கில இலக்கியத்தின் வித்தைகாட்டும் தெள்ளுப்பூச்சி என்று எள்ளினார்.

நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. போருக்கு முன்பே, 1938இல் வந்த ‘தி கோட் ஆஃப் தி ஊஸ்டர்ஸ்’ நாவலில், ஆஸ்வால்ட் மோஸ்லியின் கருஞ்சட்டைப் படையை எள்ளி, கரிய அரைக்கால்சட்டை அணிந்த கூட்டமொன்றையும் அதன் தலைவன் ஸ்போடையும் படைத்து நகைத்தவர் இதே உட்ஹவுஸ். நாஜிக் கொள்கையில் நெஞ்சம் வைத்தவர் அந்தப் பாத்திரத்தைப் படைத்திருக்க முடியாது.

1944 ஆகஸ்டில் பாரிஸ் விடுபட்டபோது உட்ஹவுஸ் அங்கிருந்தார். அவரைக் காண வந்த பிரிட்டிஷ் உளவுத்துறை அதிகாரி மால்கம் மக்கரிஜ். 1920களில் ஆலுவாய்க் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் என்பதால் நமக்கும் அந்நியரல்லர். விசாரிக்க வந்தவர் வாழ்நாள் நண்பரானார். மகள் லியோனோரா அந்த ஆண்டு மே மாதமே இலண்டனில் ஒரு சிறு அறுவைச் சிகிச்சையில் இறந்துவிட்டார் என்ற செய்தி, போரினால் தொடர்பற்றுக் கிடந்த தந்தைக்கு அப்போதுதான் எட்டியது. நவம்பரில் பிரெஞ்சுக் காவலர் அவரைப் பிடித்துச் சென்றனர். சில வாரங்கள் அவரைக் காவலில் வைத்த இடம் ஒரு மகப்பேறு மருத்துவமனை. அவர் நாவலில் இவ்வாறு எழுதியிருந்தால் மிகை என்றிருப்போம்.

எம்.ஐ.5 சார்பில் மேஜர் கஸன் என்ற வழக்கறிஞர் விரிவாக விசாரித்து அறிக்கை தந்தார். உட்ஹவுஸ் செய்தது அறிவற்ற செயல். ஆயினும் வழக்குத் தொடரத்தக்க ஆதாரம் போதாது என்பது அதன் சாரம். 1945இல் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய தற்காப்புக் கட்டுரையும் ஏறத்தாழ அம்முடிவையே வேறு வழியில் அடைந்தது. உட்ஹவுஸின் மனவுலகம் முதல் உலகப்போருக்கு முந்திய இங்கிலாந்தில் உறைந்துவிட்டது என்று அவர் காட்டினார். ஆர்வெல் கட்டுரையை உலகம் படித்தது. கஸன் அறிக்கையோ அரசுக் கோப்பில் பூட்டிக்கிடந்து 1980இல்தான் வெளிவந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர் அதற்கு ஐந்தாண்டு முன்பே இறந்துபோயிருந்தார். தாம் நாடு திரும்பினால் கைது செய்யப்படமாட்டோம் என்ற உறுதிமொழி அவர் வாழ்நாளில் அவருக்குத் தெளிவாகக் கிட்டவில்லை. 1947இல் அமெரிக்கா சென்றவர் இங்கிலாந்து மண்ணை மீண்டும் மிதிக்கவேயில்லை. ஒரு சாட்டையடியை நாடறிய வானொலியில் அடித்துவிட்டு, மருந்தை மட்டும் முப்பத்தைந்து ஆண்டுகள் பெட்டிக்குள் வைத்துக்கொண்ட அரசின் செயலை என்னவென்று சொல்வது?

தாள்களைப் பயன்படுத்துவோர் இங்கு ஓர் எச்சரிக்கையும் கொள்ளவேண்டும். உட்ஹவுஸ் தம் கடிதங்களைத் தாமே வெளியிட்டவர். பள்ளித்தோழர் வில்லியம் டவுன்எண்டுக்கு எழுதியவற்றை 1953இல் நூலாக்கினார். ஓகேஸியின் வசைச்சொல்லையே எடுத்து ‘பெர்ஃபார்மிங் ஃப்ளீ’ எனத் தலைப்பிட்டார். எள்ளலை அணியாக மாற்றிக்கொண்ட அந்தப் பெருந்தன்மை பாராட்டத்தக்கது. ஆனால் அந்நூலிலுள்ள கடிதங்கள் எழுதிய வண்ணமே அச்சேறியவை அல்ல. வெட்டியும் ஒட்டியும் புதிதாய் எழுதியும் வாசகர் சுவைக்கு ஏற்பச் செப்பனிடப்பட்டவை. 1954இல் ‘என்கவுண்டர்’ இதழ் பெர்லின் உரைகளை வெளியிட்டபோதும் அவர் கை அவற்றில் பட்டது. ஏமாற்றும் நோக்கம் அதிலிருந்ததாகத் தெரியவில்லை. எந்தப் பக்கத்தைக் கண்டாலும் திருத்தத் தோன்றும் கைப்பழக்கம் அது. எனினும் நூலை மட்டும் நம்பி வாழ்க்கை எழுதுவோர் வழுக்குவர். மூலத்தாள் தேவைப்படுவது இங்கேதான். சோஃபி ராட்கிளிஃப் பதிப்பித்து 2011இல் வந்த கடிதத் தொகுப்பில் மூலங்கள் இடம்பெற்றபின்பே, நகைமுகத்துக்குப் பின்னிருந்த தனிமையும் மகளை இழந்த தந்தையின் சொல்லின்மையும் வாசகர் பார்வைக்கு வந்தன.

மன்னிப்பிலும் அவர் ஒரு தனிப்பிறவி. தம்மைத் துரோகி என்ற கானரோடு பின்னாளில் கடிதம் எழுதி உறவாடினார். கானரின் வசைக்குச் சரியாக இருபதாண்டு கழித்து, 1961 ஜூலை 15இல், நாவலாசிரியர் ஈவ்லின் வா அதே பி.பி.சி. வானொலியில் உட்ஹவுஸுக்காகப் பேசினார். 1975 புத்தாண்டில் பிரிட்டிஷ் அரசு அவருக்குச் ‘சர்’ பட்டம் வழங்கியது. ஆறு வாரங்கள் கழித்து, பிப்ரவரி 14 அன்று, நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் ஒரு மருத்துவமனையில் தொண்ணூற்று மூன்று வயதில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருக்கு நினைவுக்கல் பதிக்கப்பட்டது 2019 செப்டம்பரில்.

மருத்துவமனைக்கும் அவர் ஒரு கையெழுத்துப் படியை எடுத்துச் சென்றிருந்தார். பிளாண்டிங்ஸ் வரிசையில் இன்னுமொரு நாவல். இருபத்திரண்டு அத்தியாயம் எனத் திட்டமிட்டதில் பதினாறு வரைவாகியிருந்தன. ரிச்சர்ட் அஸ்போர்ன் அதனை 1977இல் ‘சன்செட் அட் பிளாண்டிங்ஸ்’ என்ற பெயரில் பதிப்பித்தபோது குறிப்புத் தாள்களையும் சேர்த்து அச்சிட்டார். வழக்கமான மெருகேறாத, எலும்புக்கூடாய் நிற்கும் அத்தியாயங்கள் அவை. அடுத்த திருத்தத்தில் நகைச்சுவை வந்து அமரவேண்டிய இடங்கள் வெறுமையாக இருக்கின்றன. குறிப்புகளிலோ, தொண்ணூற்று மூன்று வயது மனிதர் ஒரு காதலனை எந்தப் பொய்ப்பெயரில் மாளிகைக்குள் நுழைப்பது என்று தம்மைத் தாமே கேட்டு, விடையெழுதி, அடித்து, மறுபடியும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.